திருகோணமலைக் கப்பலும் மரைக்காரின் படகும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்ல்பூல் என்றொரு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அங்கே ஒரு பழைய மரக்கப்பல் நீரில் கட்டப்பட்டு நிற்கிறது. அதன் பெயர் 'ட்ரிங்கோமலி'. நமது திருகோணமலையேதான். 1817 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆம் திகதி பம்பாயில் கடலில் இறக்கப்பட்ட இந்தப் போர்க்கப்பல், ஐரோப்பாவில் இன்னும் மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது. நம் ஊரின் பெயரைச் சுமந்த கப்பலொன்று இருநூறு வருடங்களுக்கு மேலாக மிதக்கிறது என்று சொன்னால் திருகோணமலைக்காரர்களே பலர் நம்புவதில்லை.

இந்தக் கப்பலை நான் மூன்று தடவை வரைந்திருக்கிறேன். தொழிலால் நான் படவரைஞன். காணிகளையும் கட்டடங்களையும் வரைந்து சம்பளம் வாங்கியவன். பழைய போர்க்கப்பல்களை அளவோடு வரைவது ஓய்வு நேரத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அதற்கு இன்றுவரை யாரும் சம்பளம் தந்ததில்லை. ஓவியன் கப்பலை வரையும்போது அலை வரும், மேகம் வரும், பீரங்கிப் புகை வரும். புகை மிகவும் வசதியானது. தெரியாத பகுதியையெல்லாம் அது மறைத்துவிடும். அளவுப்படத்தில் கடலும் இல்லை, புகையும் இல்லை. வெள்ளைக் கடதாசியில் கப்பல் தனியே நிற்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்கலாம். பதில் இருக்க வேண்டும்.

பிரித்தானியக் கடற்படையின் பழைய வரைபடங்கள் பெரும்பாலும் ஓர் அடியைக் கால் அங்குலமாகச் சுருக்கியவை. அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ட்ரிங்கோமலியின் பீரங்கித் தட்டு 150 அடி நாலரை அங்குல நீளம். கடதாசியில் அது ஏறத்தாழ 37½ அங்குலம் வரும். அகலம் நாற்பது அடிக்குச் சற்றுக் குறைவு; கடதாசியில் பத்து அங்குலம். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள பென்சிலால் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் தடிப்பே உண்மைக் கப்பலில் 24 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். ஆகவே பென்சிலைச் சீவுவதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். நான் மரக் கப்பலைக் கீறத் தொடங்கிய பிறகுதான் சீவல் பெட்டி நிரம்புவதைக் கவனித்தேன்.

மரக்கலம் வளைவுகளாலானது. அதில் நேர்கோடு அபூர்வம். எனவே ஒரே உடலை மூன்று பார்வைகளில் வரைவார்கள். பக்கத்திலிருந்து பார்ப்பது ஒன்று. மேலிருந்து பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, பாணை வெட்டுவது போல் கப்பலைக் குறுக்கே பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுவது. இந்த மூன்றாவது படத்தில் வலப்பக்கம் கப்பலின் முன்பாதி, இடப்பக்கம் பின்பாதி. கப்பலின் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும் என்ற நம்பிக்கையில் பாதியை மட்டும் வரைந்துவிட்டு மற்றப் பாதியை விட்டுவிடுவார்கள். ஒரு பார்வையில் உள்ள புள்ளி மற்ற இரண்டிலும் அதே உயரத்தில், அதே அகலத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் எங்கோ பிழை. வளைவுகளைப் போட நெகிழும் மரச்சட்டம் ஒன்றைப் புள்ளிகள் வழியாக வளைத்து, அது நகராமல் பாரம் வைக்க வேண்டும். மேல்நாட்டில் அதற்கென்றே ஈயக் கட்டிகள் விற்கிறார்கள். வலைக்குப் போடும் ஈயக்குண்டுகளைச் சீலையில் பொதிந்து தைத்து நான் வைத்துக்கொள்கிறேன்.

ட்ரிங்கோமலியின் இந்த வளைவுகள் யாருடையவை என்று தேடிப்போனால் சுவையான கதை ஒன்று கிடைக்கிறது. அவை ஆங்கிலேயருடையவை அல்ல, பிரெஞ்சுக்காரருடையவை. ழாக் நொயெல் சானே என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுக் கப்பற் சிற்பி வடிவமைத்த 'ஹெபே' என்ற போர்க்கப்பல் 1782 இல் கடலில் இறங்கியது. அதே ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி, பிரித்தானி கரையோரத்தில் ஆங்கிலேயரின் 'ரெயின்போ' அதைத் துரத்தியது. ரெயின்போ பழைய கப்பல். ஆனால் பரீட்சார்த்தமாக அதில் குட்டையான, பெருவாய்ப் பீரங்கிகளை ஏற்றியிருந்தார்கள். வந்து விழுந்த 32 இறாத்தல் குண்டைப் பார்த்த பிரெஞ்சுக் கப்டன், இத்தனை பெரிய குண்டை முன்பக்கத்திலிருந்தே சுடுகிறதென்றால் இது மாறுவேடத்தில் வந்த பெரும் போர்க்கப்பலாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிச் சரணடைந்துவிட்டார். ஒரு குண்டின் பருமனைக் கொண்டு கப்பலின் பருமனை அளந்தவர் அவர். அளவுகோல் தவறிவிட்டது.

இதற்கு முதல்நாள், 1782 செப்டெம்பர் 3 ஆம் திகதி, உலகத்தின் இந்தப் பக்கத்தில் திருகோணமலைக்கு வெளியே எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. ஓகஸ்ட் இறுதியிலேயே துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருந்தது. போரில் தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை. ஆங்கிலேயர் மதராசுக்குத் திரும்பினார்கள். ஒருநாள் இடைவெளியில் நிகழ்ந்த இந்த இரு சம்பவங்களும் முப்பத்தைந்து வருடங்களின் பின் ஒரே கப்பலில் வந்து சேர்ந்தன: ஒன்றிலிருந்து உடல், மற்றதிலிருந்து பெயர்.

பிடிபட்ட ஹெபேயை ஆங்கிலேயர் உலர்துறையில் ஏற்றி அளந்தார்கள். நிலத்தில் நேர்கோடு குறித்து, தூக்குநூல் விட்டு, ஒவ்வோர் இடத்திலும் நூலுக்கும் கப்பலின் உடலுக்கும் இடையிலான தூரத்தைப் பலவேறு உயரங்களில் எடுத்துக் கடதாசிக்கு மாற்றினார்கள். கப்பலைப் பிரிக்காமலே அதன் வளைவுகளை உரித்தெடுக்கும் வேலை இது. அந்த வரைபடத்திலிருந்து 1800 இல் 'லீடா' பிறந்தது. அதன் வழியில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. ட்ரிங்கோமலி அவற்றுள் ஒன்று; ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் இன்றும் உள்ள 'யூனிகோர்ன்' இன்னொன்று. எதிரியின் ஒரு கப்பலைப் பிடித்தவன் ஒரு கப்பலைப் பெறுகிறான். அளந்து வரைந்து வைத்துக்கொண்டவன் நாற்பது கப்பலைப் பெறுகிறான்.

இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. நெப்போலியன் காலத்துப் போர்கள் காடுகளைத் தின்றுவிட்டிருந்தன. ஆகவே 1812 இல் ட்ரிங்கோமலியைப் பம்பாயில், தேக்கில், பார்சி இனத்தவரான வாடியா குடும்பத்தின் கையில் கட்டுவிப்பதென்று முடிவானது. வரைபடங்கள் 'ஜாவா' என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. அந்த ஜாவாவும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த கப்பல்தான். 1812 டிசெம்பர் 29 ஆம் திகதி பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்காவின் 'கொன்ஸ்ரிரியூசன்' அதை அடித்து நொறுக்கியது; பின்னர் எரித்தும் விட்டது. வரைபடங்கள் பம்பாய் போய்ச் சேரவில்லை. மறுபடி பிரதி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. ஏராக்கட்டை, அதாவது கப்பலின் முதுகெலும்பாய் அடியில் கிடக்கும் கட்டை, 1816 இல்தான் வைக்கப்பட்டது. ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா தம் மரபுப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அறைந்து வேலையைத் தொடக்கினார். தேக்கு மலபார்க் காடுகளிலிருந்து வந்தது. வரைபடத்தை அழித்த கொன்ஸ்ரிரியூசன் இன்றும் பொஸ்டனில் மிதக்கிறது. அந்த வரைபடத்தால் பிறந்த கப்பல் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது.

இத்தனை கடதாசி இருந்தும் ட்ரிங்கோமலியை வரைவது இலகுவல்ல. லண்டனிலுள்ள மருமகன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தின் வரைபடப் பிரதிகளை அனுப்பிவைத்தான். முதல் வேலையாக நான் அடிமட்டத்தை வைத்தது கப்பல்மேல் அல்ல; தாளின் அடியில் வரைந்திருக்கும் அளவுகோலின் மேல். இருநூறு வருடத்துக் கடதாசி சுருங்கியிருக்கும். அதுவும் நீளப்பாட்டில் ஒருவிதமாக, அகலப்பாட்டில் வேறுவிதமாக. ஆனால் அன்று அதே தாளில் வரைந்த அளவுகோலும் கூடவே சுருங்கியிருக்கும். அதை நம்பலாம், என் அடிமட்டத்தை நம்பக்கூடாது. பின்னாளில் செய்த மாற்றங்களைச் சிவப்பிலோ பச்சையிலோ அதே தாளில் குறிப்பது அக்கால வழக்கம். கறுப்பு வெள்ளைப் பிரதியில் எல்லாம் ஒரே நிறம். ஒரு வாசலைப் பார்த்து, இது கட்டியபோதே இருந்ததா, பிறகு வந்ததா என்று நாள்கணக்கில் யோசிக்க நேரும்.

இன்னுமொன்று. வரைபடத்தின் கோடு கப்பலின் வெளித்தோல் அல்ல. அது விலா மரங்களின் வெளிவிளிம்பு. அதன்மேல்தான் பலகை அறைவார்கள். பலகையின் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பீரங்கித் தட்டை அண்டிய இடங்களில் கூடுதலான தடிப்பு. இதை அறியாமல் கோட்டை அப்படியே பிரதி பண்ணினால் தோலுரித்த கப்பலைத்தான் வரைவோம். பாய்மரங்களும் கயிறுகளும் உடல் வரைபடத்தில் இரா. அவற்றுக்கு டேவிட் ஸ்டீல் 1794 இல் வெளியிட்ட கயிறு, பாய் பற்றிய நூல் போன்றவற்றைத் தேட வேண்டும். பிறகு, எந்த வருடத்துக் கப்பலை வரைகிறோம்? 1845 இல் இதன் பின்புறத்தை மாற்றினார்கள். பீரங்கிகளைக் குறைத்துப் பெரியவற்றை ஏற்றினார்கள். பின்னர் பயிற்சிக் கப்பலாகி 'பூட்ரோயன்ட்' என்று பெயரும் மாறியது. 1987 இல் ஹார்ட்ல்பூலுக்கு வந்து, 1992 இல்தான் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. என் முதலிரண்டு படங்களும் 1817 ஆம் ஆண்டுக்குரியவை. மூன்றாவது 1845 க்குரியது. பார்ப்பவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் வந்தார். நல்ல கவிஞர். குஞ்ஞாலி மரைக்கார்கள் பற்றி ஒரு நூல் எழுதி முடித்திருந்தார். கள்ளிக்கோட்டை சாமூதிரியின் கடற்படையை நடத்தி, பதினாறாம் நூற்றாண்டு முழுவதும் போர்த்துக்கேயரோடு பொருதிய மரைக்கார்களுக்கு இலங்கைத் தொடர்பும் உண்டு. சீதாவாக்கை மாயாதுன்னைக்கு உதவ வந்த அவர்களது கப்பற்படை 1538 இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் மார்ட்டிம் அபொன்சோ டி சூசாவிடம் தோற்றது. கோட்டை புவனேகபாகுவுக்கும் மாயாதுன்னைக்கும் இடையிலான பகையின் போக்கில் அந்தத் தோல்விக்கும் பங்குண்டு. நண்பரின் நூலில் அந்த அத்தியாயம்தான் சிறந்தது. அட்டைக்கு மரைக்காரின் போர்க்கப்பல் வேண்டும் என்றார். கையிலே ஒரு படமும் கொண்டுவந்திருந்தார். மூன்று தட்டு, மூன்று பாய்மரம், பக்கத்துக்கு இருபது பீரங்கி. உச்சியில் கொடி.

இது ட்ரிங்கோமலியை விடப் பெரிதாக இருக்கிறதே என்றேன். இப்படி ஒன்றை என்னால் அளவோடு வரைய முடியாது என்றும் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"நானா, வெள்ளைக்காரண்ட கப்பலெண்டா ஆணி ஆணியாக் கீறுறீங்க. எங்கட கப்பலெண்டா மட்டும் கை நடுங்குதா?"

கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் கேட்கத் தகுந்த கேள்வி. வரைபடம் உள்ளவனின் கப்பல் மட்டுமே வரலாற்றில் உருவத்தோடு நிற்கும், இல்லாதவனுடையது பெயரோடு போய்விடும் என்றால் அளவுப்படம் என்பது வென்றவனுக்கு இன்னொரு முறை பட்டாபிஷேகம் செய்வதாகிவிடாதா? அவருக்கு அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, வரைபடம் இல்லாமை இழிவல்ல. ஸ்வீடன் மன்னரின் 'வாசா' 1628 ஓகஸ்ட் 10 ஆம் திகதி தன் முதல் பயணத்திலேயே, ஸ்டொக்ஹோம் துறைமுகத்துக்குள்ளேயே சாய்ந்து மூழ்கியது. அக்கால ஐரோப்பாவின் மிகப் பெரிய போர்க்கப்பல்களுள் ஒன்று. அதைக் கட்டிய ஒல்லாந்தச் சிற்பிகள் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. கைப்பழக்கமும் கணக்கு விகிதங்களும் போதுமாயிருந்தன. 1961 இல் அதை மேலே தூக்கிய பிறகுதான் அளந்து வரைந்தார்கள். தொழிலாளர் விட்டுச்சென்ற நான்கு அடிமட்டங்கள் உள்ளே கிடைத்தன. இரண்டு ஸ்வீடன் அடி. அதில் பன்னிரண்டு அங்குலம். மற்ற இரண்டும் அம்ஸ்டர்டாம் அடி. அதில் பதினோரு அங்குலம். அடியும் சற்றுக் குட்டை. கப்பலின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இல்லை என்பதும் தெரியவந்தது. பாதியை வரைந்தால் போதும் என்ற நம்பிக்கை வாசாவிடம் செல்லாது. இரு பக்கமும் தனித்தனியே வரைய வேண்டும். வாசாவை இன்று ஆணி ஆணியாக வரைய முடிவது ஸ்வீடன்காரர் நம்மைவிடக் கெட்டிக்காரர் என்பதாலல்ல; போல்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் மரம் அரிக்கும் புழு வாழாததால்.

இங்கிலாந்தில் மத்தேயு பேக்கர் என்ற கப்பற் சிற்பி குஞ்ஞாலிகளின் சமகாலத்தவர். கடதாசியில் கப்பல் வரைந்த முதல் ஆங்கிலேயர்களில் ஒருவர். கப்பலின் அடிப்பாகத்துக்குள் ஒரு மீனைப் பொருத்தி அவர் வரைந்த படம் புகழ்பெற்றது. அந்தத் தாள்கள் கேம்பிரிட்ஜில் பாதுகாப்பாக இருக்கின்றன. மலபாரின் ஓடாவிகளுக்குக் கடதாசி தேவைப்படவில்லை. இன்றும் பேப்பூரில் 'உரு' எனப்படும் பெரும் மரக்கலங்களைக் கட்டுவோர் வரைபடம் வைத்துக்கொள்ளாமல், தலைவன் மனதிலுள்ள கணக்கைக் கொண்டே கட்டுவார்கள். அந்தக் கணக்கு கப்பலைக் கட்டப் போதும். நானூறு வருடம் கழித்து வரும் என்னைப் போன்றவனுக்குத்தான் அது எட்டாது.

வரைபடம் இல்லாதபோது கண்ணால் கண்டவனின் படம் உதவும். ஒல்லாந்த ஓவியர் மூத்த வில்லெம் வான் டி வெல்டே 1666 இன் நான்கு நாள் கடற்போரின்போது சிறு படகொன்றிலிருந்து கப்பல்களை வரைந்தார். பின்னாளில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் கடற்போர்களை வரைவதற்காக அவருக்கு ஆண்டுக்கு நூறு பவுண் கொடுத்து வைத்துக்கொண்டார். வரைபடமில்லாத பல கப்பல்களின் உருவம் அவரது கைவழியேதான் நமக்கு வந்தது. மரைக்காருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. கிட்டத்தட்ட அப்படியானவர் லின்ஸ்கோட்டன். 1583 இலிருந்து சில ஆண்டுகள் கோவாவில் இருந்த ஒல்லாந்தர். 1596 இல் வெளிவந்த அவரது பயண நூலில் 'ஃபுஸ்தா' என்ற துடுப்புப் போர்ப்படகின் படம் இருக்கிறது. போர்த்துக்கேயரும் அவர்களது பகைவரான மலபாரிகளும் போருக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தியது என்று அதற்குக் குறிப்பும் உண்டு. எதிரிகள் இருவருக்கும் ஒரே படகு! ஹெபேயின் கதை இங்கும் நடந்திருக்கிறது. ஆனால் அந்தச் செப்புத்தகட்டை வெட்டியவர்கள் ஒல்லாந்தில் இருந்த சிற்பிகள். அதில் துடுப்புகளை எண்ணலாம், அளக்க முடியாது.

போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் மரைக்காரின் படகுகளை 'பராவ்' என்று எழுதினார்கள். எத்தனை வந்தன, எத்தனை பிடிபட்டன என்று எண்ணி எழுதினார்கள். ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூமின் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' போரின் வரலாற்றைச் சொல்கிறது. அது கப்பற்கட்டு நூல் அல்ல. 2000 டிசெம்பர் 17 ஆம் திகதி இந்தியத் தபால் துறை குஞ்ஞாலி மரைக்கார் நினைவு முத்திரை ஒன்றை வெளியிட்டது. அதில் மரைக்காரின் போர்ப் பராவ் இடம்பெற்றது. முப்பது நாற்பது பேர் ஏறி, காயல்களிலும் ஒடுங்கிய நீரிலும் தண்டு வலித்துச் செல்லக்கூடிய சிறு படகு என்பது அதற்கான விளக்கம். நண்பர் கொண்டுவந்த மூன்று தட்டுக் கப்பலை விட இந்தச் சிறு முத்திரையில் உண்மை அதிகம்.

முப்பது நாற்பது பேர் என்பது எனக்குப் பெரிய உதவி. மனிதனின் உடல் ஓர் அளவுகோல். தண்டு வலிப்பவன் முன்னே குனிந்து பின்னே சாய இடம் வேண்டும். அவன் முதுகு பின்னால் இருப்பவனின் கையில் முட்டக்கூடாது. 1987 இல் கிரேக்கர்கள் தம் பழைய போர்க்கப்பலை 170 துடுப்புகளோடு 'ஒலிம்பியாஸ்' என்ற பெயரில் மறுபடி கட்டினார்கள். ஜோன் மொரிசன் என்ற அறிஞரும் ஜோன் கோட்ஸ் என்ற கப்பற் பொறியியலாளரும் சேர்ந்து வகுத்த வடிவம். ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் இடையே 88.8 சதமமீற்றர் விட்டிருந்தார்கள். கடலில் வலித்துப் பார்த்தபோது அது போதவில்லை. ஆட்களால் முழுதாக நீண்டு வலிக்க முடியவில்லை. கடதாசியில் சரியாக நின்ற படம் முதுகெலும்பில் தோற்றது. ஆகவே மூன்று அடிக்குக் குறைத்தால் வலிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளலாம். பராவில் நாற்பது பேரில் முப்பது பேர் வலிப்பவர் என்றால், பக்கத்துக்குப் பதினைந்து. பதினைந்து தரம் மூன்று, நாற்பத்தைந்து அடி. முன்னாலும் பின்னாலும் சண்டைக்காரருக்கும் சுக்கான் பிடிப்பவனுக்கும் ஒரு சிறு பீரங்கிக்கும் இடம் விட்டால் அறுபது அடிக்குச் சற்று அப்பால் இப்பால். இது என் கணக்கு, சாட்சியம் அல்ல. ஆனால் மனித உடம்பிலிருந்து வந்த கணக்கு.

அறுபது அடி அந்தக் கரைக்கு அந்நியமான நீளமுமல்ல. 2002, 2003 ஆம் ஆண்டுகளில் கேரளத்தின் சேர்த்தலைக்கு அருகே தைக்கல் என்ற இடத்தில் மண்ணுக்கடியிலிருந்து மத்தியகாலத்துப் படகொன்று அகழ்ந்து அளக்கப்பட்டது. 18 மீற்றருக்கும் அதிக நீளம். மரைக்கார்களுக்கு முந்தியது, போர்ப்படகு என்றும் சொல்வதற்கில்லை. ஆனாலும் அக்கரையோரத்து ஓடாவியின் கைவேலை ஒன்று நூலும் அடிமட்டமும் வைத்து அளந்து வரையப்பட்டிருக்கிறது. தொல்லியலாளர் இத்தகைய படங்களில் கண்டதை முழுக்கோடாகவும் ஊகித்ததை விட்டுவிட்ட கோடாகவும் போடுவார்கள். இது எனக்குப் பிடித்த வழக்கம்.

நண்பரிடம் ஒன்று சொன்னேன்: உங்கள் மரைக்காரை மூன்று தட்டுக் கப்பலில் ஏற்றினால் அவர் ஏன் வென்றார் என்பதே விளங்காமல் போய்விடும். போர்த்துக்கேயரின் பெரிய 'நாவ்' காற்றை நம்பியது. ஆழமான நீர் வேண்டியது. பராவ் காற்று ஓய்ந்தாலும் ஓடும். ஆற்றுவாய்க்குள் நுழைந்துவிட்டால் நாவ் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு நூற்றாண்டு அவர்கள் தாக்குப்பிடித்தது படகு சிறிதாக இருந்தும் அல்ல, சிறிதாக இருந்ததால். இதைச் சொல்வதற்கு அளவுப்படத்தைவிட நல்ல வழி இல்லை. பெரியதையும் சிறியதையும் ஒரே அளவில், ஒரே நீர்மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் போதும்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. "வாசிக்கிறவன் அட்டையப் பாத்துத்தான் புத்தகத்த எடுக்கிற, நானா. வள்ளத்தப் போட்டா மீன்பிடிப் புத்தகமெண்டு நினைப்பான்" என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. 2021 இல் வெளிவந்த மரைக்கார் பற்றிய மலையாளத் திரைப்படத்தைப் பார்த்தவர்களிடம் அறுபது அடிப் படகை நீட்டுவது கடினம்தான்.

கடைசியில் ஒரு படம் வரைந்தேன். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பராவ் பதினைந்து அங்குலம். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள உடலை விட்டுவிட்ட கோட்டில் போட்டேன். வலிப்பவர்களின் இருக்கைகளை மட்டும் முழுக்கோட்டில் போட்டேன். ஐந்தடி நாலு அங்குல மனிதன் ஒருவனையும் ஓர் இருக்கையில் அமர்த்தினேன். நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றும் வரையவில்லை. அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. பாய் ஒன்று, அதன் சாய்வு லின்ஸ்கோட்டனின் படத்திலிருந்து எடுத்தது என்று ஓரத்தில் எழுதினேன். தாளின் அடியில் அளவுகோல். ட்ரிங்கோமலியைப் பக்கத்தில் நிறுத்தவில்லை. இரண்டுக்கும் இடையே இருநூறு வருடம்.

அட்டைக்கு நண்பர் வேறொருவரிடம் கொடிபறக்கும் கப்பலொன்றை வாங்கிக்கொண்டார். என் படம் வேதாளை அத்தியாயத்தில், நெடுக்குவாட்டில் ஒரு முழுப் பக்கமாக அச்சாகியிருக்கிறது. பக்கத்துக்குப் பொருந்தச் சுருக்கியிருக்கிறார்கள். அளவுகோலும் கூடவே சுருங்கியிருப்பதால் அடிமட்டம் வைத்துப் பார்க்க விரும்புவோர் அதை வைத்தே அளக்கலாம்.